முன்னிடைச்சொல்லும் வேற்றுமை உருபும் ஒரே அட்டவணையில் அடங்குமா?

2024 ஜூன் 9: இழையைத் தொடங்கிய கேள்வி

“கேரள பிஎஸ்சி (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வுக்குப் படிக்கிறேன். சித்தூர் தாலுகாவில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலத்தில் மற்றவை ஓரளவு கைக்கு வந்துவிட்டன; பிரிபோசிஷன் என்னும் முன்னிடைச்சொல் மட்டும் பிடிபடவில்லை. ஆகையால் நானே ஓர் அட்டவணை போட்டுக்கொண்டேன். ‘இல்’ என்றால் இன், ‘மேல்’ என்றால் ஆன், ‘கு’ என்றால் டு, ‘ஆல்’ என்றால் பை, ‘ஓடு’ என்றால் வித், ‘இருந்து’ என்றால் ஃப்ரம். தமிழில் வேற்றுமை எட்டுதானே, இதை மனப்பாடம் செய்தால் போதும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.”

ஜூன் 9, இரவு

அட்டவணை கொஞ்ச தூரம் வரும். ‘பால் பாத்திரத்தில் இருக்கிறது’, ‘பூனை மதிலின் மேல் இருக்கிறது’ என்பவற்றோடு மொழி நின்றுவிடுமானால் அதை மறுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் உங்கள் பட்டியலில் உள்ள ‘கு’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டில் ஒரு பொழுது பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். பொள்ளாச்சிக்குப் போனேன் என்றால் டு. அம்மாவுக்கு மருந்து வாங்கினேன் என்றால் ஃபார். ஐந்து மணிக்கு வண்டி என்றால் அட். சித்தூருக்குக் கிழக்கே என்றால் ஆவ். வீட்டுக்குப் போனேன் என்றால் ‘வென்ட் ஹோம்’, அங்கே முன்னிடைச்சொல்லே கிடையாது. எனக்குத் தெரியும் என்றால் ‘ஐ நோ’, அங்கே ‘கு’ ஏற்ற சொல்லே எழுவாயாகிவிடுகிறது. கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்திய காலத்தில் இதே போன்ற அட்டவணையைப் பல நோட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். அதை வைத்திருந்த பிள்ளைகள் தவறாமல் ‘டு ஃபைவ் ஓ கிளாக்’ என்று எழுதினார்கள்.

எழுத்து முறை பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்தில் ‘உடைய’ என்னும் பொருளுள்ள சொல்லும் ‘விலகி’ என்னும் பொருளுள்ள சொல்லும் ஒன்று போலவே ஆஃப் என்று வந்து விழும். குழப்பம் வேண்டாம் என்பதற்காக முன்னதை ஆவ் என்றும் பின்னதை ஆஃப் என்றும் எழுதப்போகிறேன். உச்சரிப்பும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஜூன் 10

“அட்டவணையைக் கிழிப்பது எளிது மாஷே (ஆசிரியரே), பதிலுக்கு எதைக் கொடுப்பீர்கள்?” என்று வண்ணாமடை நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் பதில் நன்னூலில் இருக்கிறது.

உருபைப் பார்க்காதீர்கள், உருபின் பொருளைப் பாருங்கள். நான்காம் வேற்றுமைக்கு ‘கு’ உருபு என்று சொல்லும் நன்னூல் அதோடு நிற்காமல் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என்று பொருள்களை அடுக்குகிறது. கொடைக்கு ஆங்கிலத்தில் டு. பிச்சைக்காரனுக்குக் காசு கொடுப்பது அது. பொருட்டுக்கு ஃபார், கூலிக்கு வேலை செய்வது அது. முறைக்குப் பெரும்பாலும் ஆவ். அவருக்கு இவன் மகன் என்பது அது. மூன்றாம் வேற்றுமையில் இந்த வழி இன்னும் துல்லியமாக வேலை செய்கிறது. கருவி, கருத்தா, உடனிகழ்வு என்று மூன்று பொருள்கள். ‘தச்சனால் செய்யப்பட்டது’ என்பதில் தச்சன் கருத்தா, ஆகையால் பை. ‘கத்தியால் வெட்டினான்’ என்பதில் கத்தி கருவி, ஆகையால் வித். ‘தம்பியோடு வந்தான்’ என்பது உடனிகழ்வு, அதுவும் வித். ‘ஆல்’ என்றால் பை என்று உங்கள் அட்டவணை சொல்லுமானால் ‘கட் தி மேங்கோ பை எ நைஃப்’ என்றுதான் எழுதுவீர்கள்; கருவியா கருத்தாவா என்று ஒரு நொடி கேட்டுக்கொண்டால் எழுத மாட்டீர்கள்.

நம் பழைய இலக்கணக்காரர்களுக்கும் உருபும் பொருளும் ஒன்றுக்கொன்று என்று கட்டிப்போட முடியவில்லை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியலை அடுத்து வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே இருப்பது அதனால்தான். தமிழுக்குள்ளேயே மயங்குகிற உருபை வேறொரு மொழியின் சொல்லோடு நேருக்கு நேர் நிறுத்துவது நடக்கிற காரியமா?

ஜூன் 10, சற்று நேரம் கழித்து

‘பை பஸ்’, ‘பை ஹேண்ட்’ என்பவற்றில் பேருந்தும் கையும் கருவிகள்தாமே, அங்கே ஏன் வித் வரவில்லை என்று உடனே கேட்டுவிட்டார்கள். அங்கே பேசப்படுவது ஒரு குறிப்பிட்ட பேருந்தோ கையோ அல்ல, வழிமுறை. அடையாளம் எளிது: இந்தப் பை வருமிடத்தில் பெயருக்கு முன் ‘எ’, ‘தி’, ‘மை’ எதுவும் வராது. ‘பை கார்’ சரி. ‘பை மை கார்’ கூடாது, ‘இன் மை கார்’ என்றுதான் சொல்ல வேண்டும். நடந்து போவதற்கு மட்டும் ‘ஆன் ஃபுட்’.

ஜூன் 12

நேரத்தைக் குறிப்பவற்றில் நம்மவர்கள் திணறுவதற்குக் காரணம் ஆங்கிலத்தின் விதி கடினமாக இருப்பதன்று. விதி என்று ஒன்று இருக்கிறது என்பதே நம் காதுக்குப் புதிதாக ஒலிக்கிறது. கடிகார நேரத்துக்கு அட், கிழமைக்கும் தேதிக்கும் ஆன், மாதத்துக்கும் ஆண்டுக்கும் இன். காலையும் மாலையும் ‘இன் தி’, இரவு மட்டும் ‘அட் நைட்’, ஆனால் திங்கட்கிழமைக் காலை என்று கிழமை சேர்ந்துவிட்டால் மறுபடியும் ஆன். கேட்பவர்கள் ‘என்ன மொழி ஐயா இது’ என்று தலையில் கை வைக்கிறார்கள்.

நம் பேச்சைக் கவனியுங்கள். ஐந்து மணிக்கு என்கிறோம்; ஐந்து மணியில் என்பதில்லை. காலையில் என்கிறோம், காலைக்கு என்றால் பொருளே மாறிவிடுகிறது, அது காலை உணவுக்கு வேண்டிய மாவைப் பற்றிய பேச்சு. 2018இல் வெள்ளம் வந்தது என்கிறோம். திங்கட்கிழமை வந்தான் என்னும்போது உருபே இல்லை. அடுத்த வாரம், போன வருஷம் என்பவற்றுக்கும் உருபு இல்லை. வியப்பென்னவென்றால் ஆங்கிலத்திலும் ‘நெக்ஸ்ட்’, ‘லாஸ்ட்’, ‘திஸ்’, ‘எவ்ரி’ முன்னால் வந்துவிட்டால் முன்னிடைச்சொல் உதிர்ந்துவிடுகிறது. ‘ஆன் லாஸ்ட் மண்டே’ என்று எழுதுகிறவர்கள் அங்கே தமிழைப் பின்பற்றியிருந்தாலே சரியாக எழுதியிருப்பார்கள்.

ஜூன் 13

வண்டிகளைப் பற்றிக் கேட்டவருக்கு: நிமிர்ந்து நடமாட இடமுள்ளவற்றுக்கு ஆன் (பேருந்து, ரயில், விமானம், கப்பல்), உட்கார மட்டும் இடமுள்ளவற்றுக்கு இன் (கார், ஆட்டோ, சிறு படகு). தமிழில் எல்லாமே ‘இல்’.

ஜூன் 14

நேற்றைய இரண்டு வரிகளுக்கு எதிர்ப்புகள் குவிந்துவிட்டன. சைக்கிளில் நடமாட இடம் ஏது, பிறகு ஏன் ‘ஆன் எ பைசைக்கிள்’ என்று கேட்டவர் சரியாகவே கேட்டார். காலை இருபுறமும் போட்டு மேலே அமர்கிற குதிரை, சைக்கிள், மோட்டார் சைக்கிள் எல்லாம் ஆன்தான். அங்கே ஆன் தன் இயல்பான பொருளிலேயே, மேலே என்னும் பொருளிலேயே, நிற்கிறது. ஆகவே இடவசதி என்பது அடைப்புள்ள வண்டிகளுக்கு மட்டும் பொருந்துகிற அளவுகோல்.

அதைவிட நுட்பமான செய்தி ஒன்று இருக்கிறது. ‘ஆன் தி பஸ்’ என்று சொல்லும்போது அந்தப் பேருந்து ஓட்டத்தில் இருக்கிற, பயணிகளை ஏற்றிச் செல்கிற பேருந்து என்னும் எண்ணம் உள்ளே இருக்கிறது. சக்கரம் கழன்று, துருப்பிடித்து, மாமரத்தடியில் கிடக்கிற பழைய பேருந்துக்குள் பிள்ளைகள் விளையாடினால் அங்கே இன் மட்டுமே பொருந்தும். வண்டி அதேதான், அதன் வேலை போய்விட்டது, முன்னிடைச்சொல்லும் மாறிவிட்டது. எந்த அட்டவணையிலும் இதற்குக் கட்டம் கிடைக்காது. ஓடுகிற பேருந்திலும் ‘இன் தி பஸ்’ பிழையாகாது. உள்ளே மழை ஒழுகுகிறது, உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று பேருந்தை ஓர் அடைப்பாகப் பார்த்துச் சொல்லும்போது அதுதான் இயல்பாகவும் இருக்கும். ஏறுவதற்கு ‘கெட் ஆன்’ என்றால் இறங்குவதற்கு ‘கெட் ஆஃப்’. ‘கெட் இன்’ என்றால் ‘கெட் அவுட் ஆவ்’. இந்த இரண்டு சோடிகளையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொண்டால் வண்டி விவகாரம் முக்கால்வாசி முடிந்தது.

ஜூன் 17

பெரிய ஊருக்கு இன், சிறிய ஊருக்கு அட் என்று எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள், இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அப்படியானால் கோயம்புத்தூரில் ரயில் நிற்கிறது என்பதற்கு ‘தி ட்ரெயின் ஸ்டாப்ஸ் அட் கோயம்புத்தூர்’ என்று ஏன் வருகிறது? கோயம்புத்தூர் சிற்றூரா? ரயிலின் கண்ணால் பார்க்கும்போது அத்தனை பெரிய நகரமும் பாதையில் ஒரு புள்ளி. பாலக்காடு, போத்தனூர் போல அதுவும் ஒரு நிறுத்தம். அந்த ஊருக்குள் குடியிருக்கிறவருக்கு அது தன்னைச் சூழ்ந்திருக்கிற இடம், ஆகையால் ‘ஐ லிவ் இன் கோயம்புத்தூர்’. ஊரின் அளவு இதைத் தீர்மானிப்பதில்லை, பேசுகிறவர் அதைப் புள்ளியாகப் பார்க்கிறாரா, சூழலாகப் பார்க்கிறாரா என்பதுதான் தீர்மானிக்கிறது. எங்கள் கொழிஞ்சாம்பாறையிலும் இதைச் சோதிக்கலாம்: பொள்ளாச்சிப் பேருந்து அட் கொழிஞ்சாம்பாறை நிற்கிறது, நான் இன் கொழிஞ்சாம்பாறை வசிக்கிறேன்.

திசையில் எல்லைப்புறத்தாருக்கு ஒரு வசதி உண்டு. உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை, வாசலிலேயே இருக்கிறது. சித்தூர் பாலக்காடு மாவட்டத்துக்குள்ளேயே கிழக்குப் பகுதியில் இருக்கிறது, ஆகவே ‘இன் தி ஈஸ்ட் ஆவ் பாலக்காடு டிஸ்ட்ரிக்ட்’. கோயம்புத்தூர் அந்த மாவட்டத்துக்கு வெளியே கிழக்கே இருக்கிறது, ஆகவே ‘டு தி ஈஸ்ட் ஆவ்’. வாளையார் எல்லைக் கோட்டை ஒட்டியே இருக்கிறது, ஆகவே ‘ஆன் தி பார்டர்’. உள்ளே, வெளியே, ஒட்டி என்னும் இந்த மூன்றையும் இங்கே வளர்ந்த பிள்ளை வரைபடம் இல்லாமலே சொல்லிவிடும். பேச்சுத் தமிழில் மூன்றுக்கும் ‘கிழக்கால’ என்று ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறோம் என்பது வேறு.

பிட்வீனும் இங்கே சேரும். இரண்டுக்குப் பிட்வீன், இரண்டுக்கு மேல் போனால் அமங் என்பது முழு விதியன்று. தனித்தனியாக எண்ணிச் சொல்லத்தக்கவை மூன்றோ நான்கோ ஆனாலும் பிட்வீன் வரலாம். மூன்று மாநிலங்களுக்கு இடையிலான தண்ணீர் ஒப்பந்தம் ‘பிட்வீன்’தான். கூட்டமாக, தொகுப்பாகப் பார்த்தால் அமங். பாலக்காட்டுக் கணவாய் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே இருப்பதால் அங்கே எந்தச் சண்டைக்கும் இடமில்லை.

ஜூன் 21

‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்னும் வாக்கியத்தைப் போட்டு, “தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுவதன் விளைவு” என்று ஒருவர் தீர்ப்பும் எழுதியிருக்கிறார். இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டென்றால் இதுதான்.

தமிழில் சிந்தித்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. ‘பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்’ என்பதில் ‘ஆக’ கால நீளத்தைக் காட்டுகிறது. ‘2014 முதல் இங்கே இருக்கிறேன்’ என்பதில் ‘முதல்’ தொடக்கப் புள்ளியைக் காட்டுகிறது. நீளத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலமும் அவ்வாறே நீளத்துக்கு ஃபார், புள்ளிக்குச் சின்ஸ் என்று பிரிக்கிறது. மலையாளத்திலும் ‘பத்து கொல்லமாயி’, ‘முதல்’ என்று அதே பிரிவு. எழுத்தறியாத எங்கள் பாட்டிகூட ‘பத்து வருஷம் முதல்’ என்று சொன்னதில்லை. அப்படியிருக்க, இரு மொழியும் பேசுகிற பாலக்காட்டுப் பிள்ளைக்கு இந்தப் பிழை எங்கிருந்து வந்தது? இந்தியில் ‘தஸ் ஸால் ஸே’, ‘2014 ஸே’ என்று இரண்டுக்கும் ஒரே சொல். அந்த வழியாக வடக்கே புழங்கிய ஆங்கிலம் அலுவலகம், வங்கி, தொலைக்காட்சி என்று இறங்கி வந்து நம் காதில் படிந்தது என்றே நான் கருதுகிறேன். தாய்மொழியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் அது சம்பவ இடத்தில் இருந்ததா என்றாவது விசாரிக்க வேண்டும்.

வினையையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் ‘ஆம் லிவிங்’ நிற்காது. ‘ஹேவ் பீன் லிவிங்’ அல்லது ‘ஹேவ் லிவ்ட்’ வேண்டும். தேர்வில் முன்னிடைச்சொல்லைக் கேட்பது போலக் கேட்டுவிட்டு உண்மையில் காலத்தைச் சோதிக்கிற வினாக்கள் உண்டு.

ஜூன் 22

ஜெர்மன் மொழியிலும் ‘சைட்’ என்று ஒரே சொல் இரண்டுக்கும் வருகிறது. ஜெர்மானியர்களும் ஆங்கிலத்தில் இதே பிழையைச் செய்கிறார்கள் என்று வெளிநாட்டில் இருக்கும் அன்பர் குறிப்பிட்டிருக்கிறார். நல்ல துணைச்சான்று. அவர்களுக்காவது தாய்மொழி என்னும் சாக்கு இருக்கிறது, நமக்கு அதுவும் இல்லை.

ஜூன் 27

‘டிஸ்கஸ் அபவுட்’ பற்றி ஐந்தாறு பேர் கேட்டுவிட்டார்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

‘டிஸ்கஸ்’ என்னும் வினை செயப்படுபொருளை நேராகப் பற்றிக்கொள்ளும்; நடுவில் அபவுட் கூடாது. இது பலருக்கும் தெரியும், ஆயினும் கை தானாக எழுதிவிடுகிறது. ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசினோம் என்கிற தமிழ்ப் ‘பற்றி’ ஒரு காரணம்தான். ஆனால் தமிழில் ‘அதை விவாதித்தோம்’ என்றும் இரண்டாம் வேற்றுமையில் சொல்கிறோமே, அந்தப் பழக்கம் ஏன் உதவிக்கு வரவில்லை? எனக்குத் தோன்றுகிற பெரிய காரணம் ஆங்கிலத்துக்குள்ளேயே இருக்கிறது. வினைக்கு முன்னிடைச்சொல் வேண்டாத இடத்தில் அதே சொல்லின் பெயர் வடிவத்துக்கு வேண்டியிருக்கிறது. ‘டிஸ்கஷன் அபவுட்’ சரி, ‘டிஸ்கஸ் அபவுட்’ தவறு. ‘ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்பது பெயராக இருந்தால் சரி. ‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ என்று வினையானால் தவறு. ‘ஆன் ஆர்டர் ஃபார் டூ டீஸ்’ சரி; ‘வீ ஆர்டர்ட் ஃபார் டூ டீஸ்’ தவறு. ‘எம்ஃபசிஸ் ஆன்’ சரி, ‘எம்ஃபசைஸ் ஆன்’ தவறு. ‘எ விசிட் டு மலம்புழா’ சரி, ‘விசிட்டட் டு மலம்புழா’ தவறு. ‘ஆன்சர் டு தி கொஸ்டின்’ பெயர். ‘ஆன்சர் தி கொஸ்டின்’ வினை. ‘என்ட்ரி இன்டு’ பெயர். ‘என்டர் தி ரூம்’ வினை. பெயர் வடிவத்தை முதலில் கேட்டுப் பழகிய காது, வினைக்கும் அதே ஒட்டை மாட்டிவிடுகிறது.

பெயருக்கு இந்த ஒட்டு ஏன் தேவைப்படுகிறது என்பதும் வெளிச்சமாகவே இருக்கிறது. வினைக்குப் பின்னால் வெறுமனே நின்றாலே செயப்படுபொருள் என்று ஆங்கிலத்தில் தெரிந்துவிடும். பெயருக்குப் பின்னால் அப்படி வெறுமனே நிற்க முடியாது, கையைப் பிடித்துக் கொண்டுவர ஒருவர் வேண்டும். பழைய ஆங்கிலத்தில் பெயர்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை தேய்ந்து உதிர்ந்த பிறகு, உருபு செய்த வேலையில் பெரும்பகுதியைச் சொற்களின் வரிசையும் முன்னிடைச்சொல்லும் பங்கு போட்டுக்கொண்டன. இழையைத் தொடங்கியவர் முன்னிடைச்சொல்லையும் வேற்றுமை உருபையும் ஒன்றாகப் பார்த்ததில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. முதல் நாள் எழுதியபோது அதற்குரிய மதிப்பை நான் கொடுத்ததாகத் தெரியவில்லை.

வகுப்பில் நான் கடைப்பிடித்த முறை இதுதான்: புதுச் சொல் எதையும் தனியாக எழுத விடமாட்டேன். ‘டிபென்ட்’ என்று எழுதினால் அடித்துவிட்டு ‘டிபென்ட் ஆன்’ என்று எழுதச் சொல்வேன். ‘குட் அட்’, ‘அஃப்ரெய்ட் ஆவ்’, ‘சஃபர் ஃப்ரம்’, ‘இன்ட்ரெஸ்டட் இன்’ எல்லாம் ஒரே சொல்லாகவே நோட்டில் ஏறும். முன்னிடைச்சொல் எதுவும் வேண்டாத வினைக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ‘ரீச்’ பெருக்கல், ‘மேரி’ பெருக்கல், ‘ரிசெம்பிள்’ பெருக்கல், ‘அவெய்ட்’ பெருக்கல். விதியைக் கேட்டு மறந்த பிள்ளைகளும் அந்தக் குறியை மறக்கவில்லை.

ஜூலை 1

எல்லைப்புறத்துக்கே உரிய ஒன்று. தமிழில் ‘என்னிடம் சொன்னார்’, ‘என்னிடம் கேட்டார்’. மலையாளத்தில் ‘என்னோடு பறஞ்ஞு’, ‘என்னோடு சோதிச்சு’. நம் பக்கத்துத் தமிழிலும் ‘என்னோட சொன்னாரு’ என்பது சகஜம். இந்த ‘ஓடு’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘ஹி டோல்ட் வித் மீ’ என்று ஆகிவிடுகிறது. கோவைப் பக்கத்துப் பிள்ளை இதே இடத்தில் ‘டோல்ட் டு மீ’ என்று எழுதும். இரண்டும் தவறு, ஆனால் தவறின் வாசனையை வைத்து எழுதியவர் வாளையாருக்கு எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். ‘டெல்’, ‘ஆஸ்க்’ இரண்டும் பெருக்கல் குறி வகை: ‘டோல்ட் மீ’, ‘ஆஸ்க்ட் மீ’. ‘சே’, ‘ஸ்பீக்’, ‘எக்ஸ்பிளெய்ன்’ மூன்றுக்கும் டு வேண்டும்; ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ என்பது எதிர்ப்பக்கத்துப் பிழை.

‘என் மேல் கோபம்’ என்பதிலிருந்து ‘ஆங்க்ரி ஆன் மீ’ வருகிறது. ‘ஆங்க்ரி வித் மீ’ வேண்டும். இங்கே தமிழைக் குற்றம் சொல்லலாம், மறுக்க மாட்டேன்.

ஜூலை 2

தமிழ் உதவுகிற இடம் ஒன்று நினைவுக்கு வந்தது. பற்றி, குறித்து, நோக்கி, பார்த்து, விட போன்றவை வினையிலிருந்து வந்த சொல்லுருபுகள். முன்னிடைச்சொல்லின் வேலையைத் தமிழில் பாதி இவைதான் பார்க்கின்றன. ‘என்னைப் பார்த்துக் கத்தினார்’ என்னும் சொல்லில் எரிச்சல் இருக்கிறது, அது ‘ஷவுட்டட் அட் மீ’. தூரத்தில் இருந்தவர் எனக்குக் கேட்க வேண்டும் என்று கத்தியது ‘ஷவுட்டட் டு மீ’. நாயின் மேல் கல்லை எறிவது ‘த்ரோ அட்’, நாய்க்கு எலும்பை எறிவது ‘த்ரோ டு’. அட் என்பதில் இலக்கு இருக்கிறது, டு என்பதில் பெறுகிறவர் இருக்கிறார். இந்த வேறுபாட்டைச் சூத்திரமாகச் சொன்னால் புரியாத பிள்ளைக்கு, கல்லையும் எலும்பையும் சொன்னால் புரிந்துவிடுகிறது. நாய்க்கு அதற்கு முன்பே புரிந்திருக்கும்.

ஜூலை 5

சிரிப்புக்கு. கல்யாணமானவர் என்பதற்கு ‘மேரீட் டு’ வேண்டும், ‘மேரீட் வித்’ கூடாது என்று ஒரு முறை வகுப்பில் கடுமையாகச் சொல்லிவிட்டேன். ஒரு மாணவர் தம் அண்ணனுடைய பயோடேட்டாவில் ‘மேரீட் வித் டூ சில்ட்ரன்’ என்று இருந்ததைக் கண்டு, அதையும் ‘மேரீட் டு டூ சில்ட்ரன்’ என்று திருத்திக் கொடுத்துவிட்டார். முதலில் இருந்ததுதான் சரி. கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் உள்ளவர் என்பது அதன் பொருள். அந்த வித் உடனிகழ்வு வித் என்று விளக்கிய பிறகு அண்ணனின் மானம் காப்பாற்றப்பட்டது.

இந்த வித் பழைய ஆங்கிலத்தில் எதிராக என்னும் பொருளில் வழங்கிய சொல். கூட என்னும் பொருளுக்கு ‘மிட்’ என்று வேறொரு சொல் இருந்து, காலப்போக்கில் வித்துக்கு இடம் கொடுத்து விலகியது. ‘வித்ஸ்டாண்ட்’ என்பதில் அந்த எதிர்ப்பு இன்றும் மிச்சமிருக்கிறது. ‘ஃபைட் வித்’ என்றால் எதிர்த்துச் சண்டையிட்டதா, சேர்ந்து சண்டையிட்டதா என்று இன்றும் மயக்கம் வருவதில் வியப்பில்லை. மயங்கியல் அங்கேயும் உண்டு.

ஜூலை 12

தேர்வை விட்டு, கைக்காசு போகிற இடத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து இளைஞர் ஒருவர் ஓர் அலுவலகத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்தார். ‘வில் பி ரெடி இன் டூ வீக்ஸ்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் என்று தமிழில் படித்துக்கொண்டு, அதற்குள் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்று நினைத்து, வேலையை விட்டுவிட்டு இடையிடையே போய்க் கேட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். ‘இன் டூ வீக்ஸ்’ என்றால் இரண்டு வாரம் ஆனதும் என்று பொருள். இரண்டு வாரத்துக்குள் என்பதற்கு ‘விதின்’. இதையே நம்மவர் ‘ஆஃப்டர் டூ வீக்ஸ்’ என்று எழுதுவதும் வழக்கம். இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்னும் ‘கழித்து’ அங்கே ஆஃப்டராக வந்து நிற்கிறது. இன்றிலிருந்து எண்ணுவதானால் இன். கடந்த காலக் கதையில் ஒரு நிகழ்ச்சியிலிருந்து எண்ணுவதானால் ஆஃப்டர் பொருந்தும்.

பை, டில் இரண்டும் இதைவிட ஆபத்தானவை. ‘சப்மிட் பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முறை கொடுத்தாக வேண்டும். ‘தி ஆஃபிஸ் இஸ் ஓபன் டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமை வரை தொடர்ந்து திறந்திருக்கும். ஒருமுறைச் செயலுக்குப் பை, தொடர்கிற நிலைக்கு டில். தமிழின் ‘உள்’, ‘வரை’ இரண்டும் இதே பிரிவைச் செய்கின்றன. பை என்பதில் பொதுவாக வெள்ளிக்கிழமையும் அடங்கும், ‘பிஃபோர்’ என்றால் அடங்காது. கடைசி நாள் அடங்குமா என்பதில் சந்தேகம் வராமலிருக்க அமெரிக்கர்கள் ‘மண்டே த்ரூ ஃப்ரைடே’ என்கிறார்கள். அது நம் அலுவலகத் தாள்களில் வழக்கமில்லை.

ஜூலை 20

இழையைத் தொடங்கியவர் திரும்பி வந்து, இத்தனையும் படித்த பிறகு பிஎஸ்சி வினாத்தாளில் எதைக் குறிப்பது என்று கேட்கிறார். தேர்வு வேறு, வழக்கு வேறு. ‘டிஃபரன்ட் டு’ என்று பிரிட்டனில் சொல்கிறார்கள், ‘டிஃபரன்ட் தேன்’ என்று அமெரிக்காவில் சொல்கிறார்கள். நீங்கள் ‘டிஃபரன்ட் ஃப்ரம்’ என்பதையே குறியுங்கள், அது இரு நாட்டிலும் செல்லும். ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுபீரியர்’, ‘இன்ஃபீரியர்’ ஆகியவை இலத்தீன் ஒப்பீட்டு வடிவங்கள், அவற்றுக்கும் ‘ப்ரிஃபர்’ என்பதற்கும் டு. தமிழின் ‘விட’ உங்களைத் ‘தேன்’ பக்கம் இழுக்கும், போக வேண்டாம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கிறார்கள் என்பதால், நான்கில் இரண்டையாவது நீக்க முடியாத வினாவைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். 1672இல் ஆங்கிலக் கவிஞர் டிரைடன் அதைக் குறையாகச் சொன்னார். 1762இல் இலக்கணம் எழுதிய லௌத், பேச்சுக்கும் எளிய நடைக்கும் அது பொருந்தும், உயர்ந்த நடையில் முன்னால் வைப்பது அழகு என்ற அளவில்தான் எழுதினார்; அதைச் சொன்ன வாக்கியத்திலேயே ‘டு’ என்பதைக் கடைசியில் தொங்கவிட்டிருக்கிறார். ‘வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்’ என்று தாராளமாகக் கேட்கலாம். அந்தக் கடைசி ஃபாரைத்தான் நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். ‘வாட் ஆர் யூ லுக்கிங்’ என்று வினாத்தாளில் வந்தால் அதைப் பிழை என்று குறியுங்கள்.